கர்ப்பிணியின் மீன்சட்டி

கர்ப்ப காலத்தில் மீன் சாப்பிடலாம், சாப்பிடுவது நல்லது. எந்த மீன், எவ்வளவு பெரிய மீன், வாரத்துக்கு எத்தனை முறை என்பவைதாம் கவனிக்க வேண்டியவை. வயிற்றில் வளரும் குழந்தையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தை மீனைப் போல் தாராளமாகத் தரும் உணவு வேறில்லை. அந்த மூளையைக் கெடுக்கக்கூடிய மீத்தைல் பாதரசம் மனித உடலுக்குள் நுழையும் முக்கிய வழியும் மீன்தான். இரண்டும் ஒரே தட்டில் வருவதால்தான் இத்தனை குழப்பம். ஆனால் எல்லா மீனிலும் இரண்டும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதைப் புரிந்துகொண்டால் மீனை ஒதுக்க வேண்டிய தேவையே வராது.

முதலில் நன்மையைப் பார்க்கலாம். டி.எச்.ஏ. எனப்படும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் நரம்பணுக்களின் உறையிலும் கண்ணின் விழித்திரையிலும் கட்டுமானப் பொருளாகவே அமைந்திருக்கிறது. கருவின் மூளை மளமளவென்று வளரும் கடைசி மூன்று மாதங்களில் இதன் தேவை உச்சத்தில் இருக்கும். அப்போது தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி இதைப் பொறுக்கியெடுத்துக் குழந்தைக்கு அனுப்புகிறது. ஆளிவிதை, அக்ரூட் போன்றவற்றிலுள்ள தாவர ஒமேகா-3-ஐயும் உடல் டி.எச்.ஏ.வாக மாற்றிக்கொள்ளும், ஆனால் அப்படி மாறுவது சிறு பங்குதான். மீன் உண்ணாதவர்களுக்கு நுண்பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ. மாத்திரைகள் உண்டு. கடலிலும் மூலம் அந்த நுண்பாசிதான். அதைத் தின்னும் சிற்றுயிர்களின் வழியாக மீனுக்கு வந்து சேருகிறது.

70 ஆய்வுகளையும் ஏறத்தாழ 20,000 கர்ப்பிணிகளையும் சேர்த்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. ஒமேகா-3 கூடுதலாகக் கிடைத்த தாய்மார்களிடையே 37 வாரத்துக்கு முன் பிரசவமாவது 13.4 சதவீதத்திலிருந்து 11.9 ஆகக் குறைந்திருந்தது. 34 வாரத்துக்கும் முந்தைய குறைப்பிரசவம் 4.6 சதவீதத்திலிருந்து 2.7 ஆக இறங்கியிருந்தது. பச்சிளங்குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து நாளெண்ணிய குடும்பங்களுக்கு இந்த எண்களின் அர்த்தம் புரியும். இவற்றோடு நல்ல புரதம், அயோடின், செலினியம், பி12, வைட்டமின் டி ஆகியவையும் மீனில் உண்டு. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

மீன் தின்றால் பிறக்கும் குழந்தைக்குக் கரப்பான் வரும் என்று பல வீடுகளில் பெரியவர்கள் தடுப்பதுண்டு. தாய்க்கு மீன் ஒவ்வாமை இருந்தால் அவர் விலக வேண்டியதுதான். மற்றவர்கள் இதற்காக மீனை விடத் தேவையில்லை.

மினமாட்டா

மீனிலுள்ள பாதரசத்தைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள மினமாட்டா என்ற கடலோர ஊரில் தொடங்குகிறது. அங்கே சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் அசிட்டால்டிஹைடு தயாரித்து வந்தது. அதற்குப் பாதரசம் வினையூக்கி. கழிவுநீர் நேரே குடாக்கடலுக்குப் போனது. 1950-களில் ஊர்ப் பூனைகள் தள்ளாடிச் சுழன்று, வலிப்பு வந்து, கடலில் விழுந்து செத்தன. பின்பு மீனவக் குடும்பங்களில் கை கால் மரத்துப்போனது, பேச்சு குழறியது, பார்வை சுருங்கியது. 1956 மே 1-ஆம் தேதி ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹஜிமே ஹொசோகாவா இந்தப் புதிரான நோயைச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். 1959-இல் கழிவைப் பூனைக்கு ஊட்டி அதே நோயை அவர் கண்டார். அந்த முடிவு வெளியே வரவிடாமல் தடுக்கப்பட்டது. 1968 வரை கழிவு ஓடிக்கொண்டேதான் இருந்தது.

தாய்மார்களைப் பொறுத்தவரை மினமாட்டாவின் மிகக் கொடிய பாடம் வேறு. அந்த ஊரில் பிறந்த குழந்தைகள் பலர் தலை நிற்காமல், கை கால் முறுக்கிக்கொண்டு, பேச்சு வராமல் இருந்தார்கள். பிறவி மூளை முடக்கம் என்றே மருத்துவர்கள் எழுதினார்கள். தாய்மார்கள் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். தாய்க்கு எட்டும் நஞ்சு குழந்தைக்கு எட்டாதபடி நஞ்சுக்கொடி அரண்போல் நின்று காக்கும் என்பது அக்கால மருத்துவத்தின் நம்பிக்கை. மசாசுமி ஹரடா என்ற இளம் மருத்துவர் வீடு வீடாகப் போய் இந்தக் குழந்தைகளைப் பார்த்தார். தாய் உண்ட மீனின் நஞ்சு கருவறைக்குள்ளேயே குழந்தையைத் தாக்கியிருக்கிறது என்று காட்டினார். 1962-இல் அது ஏற்கப்பட்டது.

அதற்கு அசைக்க முடியாத சான்று ஒரு சடங்கிலிருந்து பின்னர் கிடைத்தது. தமிழ்நாட்டில் உலர்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் குழந்தைக்குக் கட்டுவதைப் போல, ஜப்பானியக் குடும்பங்கள் அதைச் சின்ன மரப்பெட்டியில் வைத்துப் பல ஆண்டுகள் காப்பாற்றுகின்றன. பெட்டியின் மேல் குழந்தை பிறந்த தேதி இருக்கும். மினமாட்டாவின் தாய்மார்கள் பத்திரப்படுத்தியிருந்த அந்தக் காய்ந்த துண்டுகளைச் சோதித்தபோது மீத்தைல் பாதரசம் இருந்தது. ஆலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் கொடியில் அதன் அளவும் ஏறியிருந்தது. பாசத்தோடு எடுத்துவைத்த பொருள் பின்னாளில் சாட்சியாகி நின்றது.

பெரியவர்களின் மூளையில் இந்த நஞ்சு பார்வைக்குரிய பகுதி, சிறுமூளை என்று குறிப்பிட்ட இடங்களைக் கெடுக்கிறது. கருவின் மூளையிலோ சேதம் எங்கும் பரவுகிறது. காரணம், அங்கே நரம்பணுக்கள் இன்னும் பிரிந்து பெருகிக்கொண்டும், தத்தம் இடம் தேடி நகர்ந்துகொண்டும் இருக்கின்றன. அந்த இரண்டு வேலைக்கும் அணுவுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் வேண்டும். மீத்தைல் பாதரசம் அவற்றைக் குலைக்கிறது.

சேற்றிலிருந்து சுறா வரை

மினமாட்டா ஓர் ஆலையின் குற்றம். இன்று உலகின் எல்லாக் கடல் மீனிலும் சிறிதளவேனும் பாதரசம் இருப்பதற்குக் காரணம் பரவலானது. நிலக்கரி எரியும் அனல்மின் நிலையங்களும் சிறு தங்கச் சுரங்கங்களும் பாதரசத்தை ஆவியாக வெளியிடுகின்றன, எரிமலைகளும்கூட வெளியிடுகின்றன. அது காற்றில் நாடு கடந்து, மழையோடு இறங்குகிறது. உயிர்வளி குறைந்த சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. மிதவைப் பாசி அதை உறிஞ்சுகிறது. பாசியைச் சிற்றுயிர் தின்கிறது. சிற்றுயிரை மத்தி தின்கிறது. மத்தியைச் சூரை தின்கிறது. சூரையைச் சுறா தின்கிறது. ஒவ்வொரு படியிலும், தின்ற எல்லா உயிரின் பாதரசத்தில் பெரும்பங்கு தின்றவன் உடலில் தங்கிவிடுகிறது. அதனால் மீனின் வயதும் இரை உண்ணும் பழக்கமும் அதன் நஞ்சை முடிவு செய்கின்றன. ஓரிரு ஆண்டு வாழும் நெத்திலிக்குச் சேர்த்துவைக்க நேரமில்லை. சுறாவுக்குப் பல ஆண்டு அவகாசம் உண்டு.

தாயின் உடலில் இது நுழையும் தந்திரம் தனி. மீத்தைல் பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய வடிவம், உடலுக்குத் தேவையான மெத்தியோனினைப் போலவே தோற்றமளிக்கிறது. அதனால் நஞ்சுக்கொடியும் மூளையின் காவல் சுவரும் சத்து என்று நினைத்துக் கதவைத் திறந்து உள்ளே விடுகின்றன. தொப்புள்கொடி இரத்தத்தில் இதன் அளவு தாயின் இரத்தத்தில் இருப்பதைவிடச் சராசரியாக ஏறத்தாழ 1.7 மடங்கு. அதாவது தாயைவிடக் குழந்தைக்குத்தான் அதிகம்.

உடலில் சேர்ந்தது பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் ஆகும். எனவே கருத்தரித்தது தெரிந்தபின் பெரிய மீனை நிறுத்தினாலும் முந்தைய மாதங்களில் உண்டது முதல் சில வாரங்களில் இருந்துகொண்டுதான் இருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களும் இந்த அறிவுரையைப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லப்படுவது இதனால்தான்.

1971-72-இல் இராக்கில் நடந்த துயரம் தலைமுடியை நாட்குறிப்பாக மாற்றியது. விதைப்பதற்காக மீத்தைல் பாதரச மருந்து தடவி இறக்குமதி செய்த கோதுமையைக் கிராமத்து மக்கள் அறியாமல் ரொட்டி சுட்டுத் தின்றார்கள். 6,530 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 459 பேர் அங்கேயே இறந்தார்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். நீண்ட கூந்தலை வேரிலிருந்து நுனிவரை துண்டு துண்டாகச் சோதித்தால் எந்த மாதத்தில் எவ்வளவு பாதரசம் உடலில் இருந்தது என்று தெரிந்துவிடும். அந்தத் தாய்மார்களின் கூந்தலை வைத்துத்தான், கருவில் எந்த அளவுக்கு எந்த விளைவு என்ற முதல் கணக்கு போடப்பட்டது.

மினமாட்டாவும் இராக்கும் பேரளவு நஞ்சின் கதைகள். அன்றாடம் மீன் உண்பவருக்கு வரும் சிற்றளவு என்ன செய்யும்? இதற்கு இரண்டு தீவுக்கூட்டங்கள் இருவிதமாகப் பதில் சொல்லின. வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் 1986-87-இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளை ஆய்வாளர் பிலிப் கிராண்ட்ஜீனின் குழு தொடர்ந்து கவனித்தது. ஏழாம் வயதில் மொழி, கவனம், நினைவு ஆகியவற்றில் நுட்பமான பின்னடைவு தெரிந்தது. இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸில் தாய்மார்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 12 வேளை மீன் உண்பவர்கள். அங்கே 779 தாய்-சேய் இணைகளைத் தொடர்ந்தபோது அப்படிப்பட்ட பாதிப்பு தெளிவாகத் தென்படவில்லை. ஃபாரோவில் பாதரசத்தின் பெரும்பங்கு திமிங்கில இறைச்சியிலிருந்து வந்தது, அதோடு பி.சி.பி. எனப்படும் ஆலை வேதிப்பொருள் போன்ற வேறு நஞ்சுகளும் வந்தன. செஷல்ஸில் பாதரசம் வந்தது பலவகைக் கடல் மீனிலிருந்து, கூடவே டி.எச்.ஏ.வும் செலினியமும் வந்தன. இரண்டு முடிவுகளும் முரண்படுவதுபோல் தோன்றுவதற்கு இது முக்கிய விளக்கம்.

மீனை அடியோடு விடுவதற்கும் விலை உண்டு. 2001-இல் அமெரிக்க அரசு பாதரச எச்சரிக்கை வெளியிட்டதும் கர்ப்பிணிகள் பலர் மீன் உண்பதையே குறைத்துக்கொண்டார்கள். ஆனால் இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 11,875 கர்ப்பிணிகளின் உணவைப் பதிவு செய்து, குழந்தைகளை எட்டு வயதுவரை கவனித்து 2007-இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் கண்டது. வாரத்துக்கு 340 கிராமுக்குக் குறைவாக மீன் உண்ட தாய்மார்களின் குழந்தைகளிடையேதான் மொழித்திறன் சோதனையில் கடைசிக் கால்பங்கில் வந்தவர்கள் அதிகம். பயம் காட்டியே சொல்லப்பட்ட அறிவுரை, காக்க நினைத்த மூளைக்கே தீங்காக முடியக்கூடும்.

தட்டில் எவ்வளவு

கருவிலுள்ள குழந்தையை மனத்தில் வைத்து உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்த வல்லுநர் குழு 2003-இல் ஓர் எல்லை வகுத்தது: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரம் 1.6 மைக்ரோகிராம் மீத்தைல் பாதரசம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது வாரம் 88 மைக்ரோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அளவுகோல் இன்னும் கடுமை. அதன்படி அவருக்கு வாரம் 38.5.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சராசரிகளின்படி, மத்தி இனத்து மீனில் ஒரு கிலோவுக்கு 0.013 மில்லிகிராம் பாதரசம். அதில் 150 கிராம் உண்டால் உடலுக்குப் போவது 2 மைக்ரோகிராம். இறால் அதைவிடக் குறைவு. டப்பாவில் வரும் சிறு சூரை என்றால் 19. சுறாவின் சராசரி 0.979, அதே 150 கிராம் சுறா உள்ளே கொண்டுவருவது ஏறத்தாழ 147 மைக்ரோகிராம். ஒரே வேளையில் வார எல்லை தாண்டிவிடுகிறது. மத்தியால் அந்த எல்லையைத் தொட வேண்டுமானால் வாரத்தில் ஆறரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். இவை அமெரிக்கச் சந்தையின் எண்கள். இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஆனால் சின்ன மீனுக்கும் பெரிய மீனுக்கும் உள்ள வரிசை எங்கும் இதுதான்.

இதன் அடிப்படையில் அமெரிக்க அறிவுரை கர்ப்பிணிகளுக்கு வாரம் 227 முதல் 340 கிராம் வரை பாதரசம் குறைந்த மீனைப் பரிந்துரைக்கிறது; அதாவது இரண்டு அல்லது மூன்று வேளை. தமிழ்நாட்டுச் சந்தையில் அதற்குப் பஞ்சமே இல்லை. மத்தி என்றும் சாளை என்றும் சொல்லப்படும் மீன், நெத்திலி, கிழங்கான், காரப்பொடி, சிறிய கானாங்கெளுத்தி, இறால், குளத்து ரோகு, கட்லா, ஜிலேபி எல்லாம் இந்த வரிசைதான். மத்திக்குக் கூடுதல் பெருமை உண்டு: கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் டி.எச்.ஏ. அதில் நிறைய, பாதரசம் மிகக் குறைவு. ஆனால் கூடைக்காரியிடம் மலிவாகக் கிடைப்பதாலேயே அதற்கு மதிப்பில்லை. மகள் பிள்ளைத்தாய்ச்சியாகத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றால் அப்பா சந்தைக்குப் போய் வாங்கிவருவது வஞ்சிரம் துண்டுதான். அவருடைய பாசம் பெரியது, மீனும் பெரியதாகிவிடுகிறது.

வஞ்சிரத்தைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். அமெரிக்கப் பட்டியலில் தவிர்க்கச் சொல்லப்படும் ராஜ கானாங்கெளுத்தி அட்லாண்டிக் கடலின் மீன். நம் வஞ்சிரத்துக்குப் பங்காளி, அதே மீன் அல்ல. அந்தக் குடும்பத்தின் இன்னோர் இனத்தை அதே பட்டியல் வாரம் ஒருமுறை மட்டும் உண்ணத்தக்க நடுத்தர வகையில் வைத்திருக்கிறது. நெய்மீன், அறுக்குளா என்று ஊருக்கொரு பெயரில் விற்கும் வஞ்சிரமும் மற்ற மீனை வேட்டையாடி ஆளுயரம் வளரக்கூடியது. ஆகவே சிறிய வஞ்சிரத்திலிருந்து வெட்டிய துண்டு வாரம் ஒரு வேளை, அந்த வாரம் வேறு பெரிய மீன் வேண்டாம் என்பது நியாயமான அளவு. பெரிய சூரைக்கும் சீலாவுக்கும் இதே கணக்கைக் கொள்ளலாம். சுறா, வாள்மீன், மயில்மீன், மார்லின் போன்றவற்றைக் கர்ப்ப காலம் முழுவதும் விட்டுவிட வேண்டும். சுறாக் கருவாடும் இதில் சேரும்; காயும்போது நீர் போகிறது, பாதரசம் போவதில்லை. மற்றக் கருவாடுகளில் உப்பு மிகுதி; இரத்த அழுத்தம் உயர்ந்துள்ள கர்ப்பிணிக்கு அது ஆகாது.

வாங்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஆலைக் கழிவு கலக்கும் கழிமுகத்திலோ ஏரியிலோ பிடித்த மீனுக்கு மேலே சொன்ன சராசரி பொருந்தாது. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசம் மண்ணிலும் ஏரியிலும் கண்டறியப்பட்டது. எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையச் சாம்பலையும் 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவையும் கண்ட இடம். இத்தகைய நீரை நம்பி வாழும் மீனவக் குடும்பத்துப் பெண்களுக்குத்தான் ஆபத்து அதிகம். விற்காத மீனை நாள்தோறும் உண்பவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்து மீன் உண்ணாதே என்பது தீர்வாகாது. நீரைச் சுத்தமாக்குவதுதான் தீர்வு.

சமையல்

பாதரசத்தைச் சமைத்துப் போக்க முடியாது. மீனின் தசைப் புரதத்தோடு அது இறுகப் பிணைந்திருப்பதால் மஞ்சள், புளி, எலுமிச்சை, கொதிநீர் எதுவும் அதை வெளியேற்றாது. தோலையும் கொழுப்பையும் நீக்கினால் பி.சி.பி. போன்ற நஞ்சுகள் குறையுமே தவிர, பாதரசம் குறையாது.

கிருமிகள் வேறு விஷயம். அவை நெருப்புக்குப் பணியும். லிஸ்டீரியா என்ற நுண்ணுயிரி குளிர்ப்பெட்டியின் 4 டிகிரி குளிரிலும் வளரக்கூடியது. மற்றவர்களைவிடக் கர்ப்பிணியை அது சுமார் பத்து மடங்கு எளிதாகத் தொற்றும். தாய்க்கு லேசான காய்ச்சல்போல் வந்து போகும். கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். அதனால் சுஷி போன்ற பச்சை மீன், புகையூட்டிக் குளிரில் வைத்து விற்கும் மீன், பச்சைச் சிப்பி ஆகியவை கூடாது. மீன் துண்டின் நடுப்பகுதி 63 டிகிரி சூட்டை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் கண்ணே போதும்: சதை கண்ணாடிபோல் மின்னுவது மாறி வெண்மையாகி, முள்ளிலிருந்து இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. புளிக்குழம்பில் தளதளவென்று கொதித்த மீனில் இந்தக் கவலை இல்லை. தடிமனான துண்டைத் தோசைக்கல்லில் பொரிக்கும்போதுதான் வெளியே மொறுமொறுப்பாகி நடுமுள்ளருகே பச்சையாக நிற்கும். முதல் நாள் மீன் குழம்பின் ருசிக்கு ஈடில்லை. கர்ப்பிணிக்குக் கொடுக்கும்போது அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுபடி நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்.

கெட்டுப்போன மீன் வேறொரு சிக்கல். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை ஆகியவை பனிக்கட்டி இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். தின்றவருக்கு முகம் சிவந்து, தடிப்பும் தலைவலியும் வரும். கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருக்கிறதா, கண் புடைத்துத் தெளிவாக இருக்கிறதா, விரலால் அழுத்திய பள்ளம் உடனே மேலெழுகிறதா என்று சோதிக்கும் பாட்டிமார் பழக்கம் இதற்குச் சரியான காப்பு.

மீன் எண்ணெய் மாத்திரை வாங்கும்போது பெயரைக் கவனிக்க வேண்டும். மீன் ஈரல் எண்ணெயில் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ மிகுதி. அதிக அளவில் அது கருவின் உறுப்புகளைக் குறைபடுத்தக்கூடும். சதையிலிருந்து எடுத்த மீன் எண்ணெய் வேறு. இரண்டில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பிறந்த பின்பும் பாலூட்டும் தாய்க்கு இதே பட்டியல்தான். தாய்ப்பாலின் வழியே போகும் பாதரசம், நஞ்சுக்கொடியின் வழியே போனதைவிடக் குறைவு என்றாலும் குழந்தையின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று பால்சுறாவை அவித்து, தோலுரித்து, சதையைப் பிழிந்து உதிர்த்து, பூண்டும் இஞ்சியும் வெங்காயமும் சேர்த்துப் புட்டாக வதக்கித் தருவார்கள். பிழிந்த நீரோடு பாதரசம் போவதில்லை. பால்சுறா சுறாக்களில் சிறிய இனம் என்பதும், சமையலுக்குக் குட்டியைத் தேடி வாங்குவார்கள் என்பதும் ஆறுதல். அப்படிப்பட்ட குட்டிச் சுறாவின் புட்டு ஒருநாள் விருந்தாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பத்தியச் சோற்றில் நாள்தோறும் அதையே வைப்பதுதான் தவறு. பால் ஊறுவதற்கு முதல் தூண்டுதல் குழந்தை அடிக்கடி சப்புவது. அடுத்தது தாய்க்கு வயிறார உணவும் நீரும். அதே பத்தியத்தில் கடலோரத்து வீடுகள் காரப்பொடியையும் பூண்டு, மிளகு போட்டுக் குழம்பு வைக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த வெள்ளி மீனை வாரத்தில் இரண்டு மூன்று வேளை தடையின்றிக் கொடுக்கலாம்.